மூன்றாவது அடி

கண்ணாடிக் கதவு தானாகத் திறந்து அவளை வெளியே விட்டுவிட்டுத் தானாகவே மூடிக்கொண்டது. செண்பகவல்லி படியிறங்கி ஒன்று, இரண்டு, மூன்று என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டே நடந்து, மூன்றாவது அடியில் காலை ஊன்றி நின்றாள், யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட இன்னும் நேரம் இருக்கிறது, கடைக்குள்ளே அவள் வீட்டுக்காரர் இப்போதுதான் தண்ணீர் டம்ளரைக் கையில் எடுத்திருப்பார், குடிப்பார், வாயைத் துடைப்பார், ஒரு பெருமூச்சு விடுவார், அதற்கப்புறம்தான் அவர் சொல்ல வேண்டிய வசனம். முப்பத்தைந்து வருஷமாக இப்படித்தான். கல்யாணமான புதிதில் எட்டயபுரம் ரோட்டுக் கடையில் கிரைண்டர் வாங்கப் போனபோது அவளுக்கு நிஜமாகவே கோபம் வந்து, இருக்கட்டும், தீபாவளிக்குப் பாத்துக்கிடலாம், வாங்க என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டாள். புதுமாப்பிள்ளை ஆவுடையப்பன் என்ன செய்வதென்று தெரியாமல் கடைக்காரர் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, அவ எந்திரிச்சிட்டா அவ்வளவுதான் அண்ணாச்சி, ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் போய்க் கூட்டிட்டு வாறேன் என்று பரிதாபமாகச் சொல்லி எழுந்திருக்க, அவள் மூன்றாவது அடி வைக்கும்போது பின்னாலிருந்து, தாயி, இங்க வாங்க என்று குரல் வந்தது, விலை இருநூறு ரூபாய் இறங்கிவிட்டது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம். அதற்கப்புறம் பீரோ, டிவி, மகள் கோமதிக்குத் தையல் மிஷின், அவள் கல்யாணத்துக்குக் கட்டில் எல்லாம் இப்படி வாங்கியதுதான். அவள் தீபாவளி என்று சொன்னால் அவர் தண்ணீரைத் தேட வேண்டும். தீபாவளி முடிந்து பத்து நாள்கூட ஆகாத கார்த்திகையிலும் அவள் தீபாவளிக்குப் பாத்துக்கிடலாம் என்று சொல்லியிருக்கிறாள், அவரும் முகத்தில் சிரிப்பு வராமல் டம்ளரை எடுத்திருக்கிறார். ஒரே ஒரு விதி உண்டு, வெளியே போகிறவள் திரும்பிப் பார்க்கக் கூடாது. அந்த விதியை அவள்தான் போட்டாள்.

ஆடிக் காற்று மண்ணை வாரி அடித்தது. கடை வாசலில் கட்டியிருந்த பலூன் தோரணத்தில் பாதி ஏற்கெனவே வெடித்துவிட்டது, மீதி ஒன்றோடொன்று உரசிக் கீச்சுக் கீச்சென்று பல்லைக் கூசவைத்தது. பல் ஏற்கெனவே கூசிக்கொண்டுதான் இருக்கிறது, இடதுபக்கம் கீழே, காலையில் பஸ்ஸிலேயே சொன்னாள், அவர் காதில் வாங்கின மாதிரியே தெரியவில்லை. ஒலிபெருக்கியில் ஒரு பெண், ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசி எதை எடுத்தாலும் அதிரடி என்று சொல்லிக்கொண்டே இருந்தாள், மூச்சு வாங்குகிற இடமே இல்லை. அதிரடியாம். உள்ளே அந்த ஜெனோவா என்கிற பெண் கையில் பலகை மாதிரி ஒரு டேப்லெட்டை வைத்துக்கொண்டு, மேடம், சிஸ்டத்துல என்ன காட்டுதோ அதுதான் விலை, எங்க கையில ஒண்ணுமில்ல என்று எவ்வளவு இனிமையாகச் சொன்னது. கையில் ஒன்றுமில்லை என்றால் கடையை எதற்குத் திறந்து வைத்திருக்கிறீர்கள், சிஸ்டத்தையே வாசலில் உட்காரவைக்க வேண்டியதுதானே. முப்பத்தொன்றாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு. அந்தப் பத்து ரூபாயில் அப்படி என்ன கஞ்சத்தனம். ஆவுடையப்பன் கண்டக்டராக இருந்த காலத்தில் இந்த மாதிரி விலையைப் பார்த்தாலே எரிச்சல் படுவார், சில்லறை குடுத்துப் பழகாத பயதான் தொண்ணூறுல விலை வைப்பான், ஒரு நாள் என் பையைத் தோள்ல மாட்டிப் பாக்கச் சொல்லு என்பார். செண்பகவல்லிக்கு விலை என்றால் என்னவென்று தெரியும். இருபத்தெட்டு வருஷம் கூட்டுறவுப் பண்டகசாலையில் விற்பனைப் பிரிவில் இருந்தவள். அங்கே அட்டையில் எழுதிவைத்தால் எழுதிவைத்ததுதான், ஆபீசர் வீட்டு அம்மாவுக்கும் தெருக்கூட்டுகிற மாரிக்கும் துவரம்பருப்பு ஒரே விலை, அதில் அவளுக்குக் கர்வம்கூட உண்டு. பகலெல்லாம் குறைக்க முடியாத விலைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்ததால்தானோ என்னவோ, சாயங்காலம் வேறு எங்கே போனாலும் ஐந்து ரூபாயாவது குறைக்காமல் அவளுக்குத் தூக்கம் வராது. இப்போது போனில் பார்த்தால் காலையில் ஒரு விலை, மத்தியானம் ஒரு விலை. இதே ஃப்ரிட்ஜ், இதே சிவப்பு. ஓசூரிலிருந்து கோமதி அவள் போனில் பார்த்துச் சொன்ன விலை அறுநூறு ரூபாய் கம்மி. எப்படிடீ என்றால், உனக்கு வேணும்னு அதுக்குத் தெரிஞ்சிருச்சும்மா, நீதான் தினம் போய் எட்டிப் பாத்துக்கிட்டே இருக்கியே என்கிறாள். வேண்டும் என்று தெரிந்தால் விலையைக் கூட்டுவதா. ஆசையை முகத்தில் காட்டாமல் இருப்பதுதானே பேரம், கண்ணைப் பார்த்து விலை சொல்கிற மனுஷனிடம் முகத்தை மறைக்கலாம், போனிடம் எதை மறைப்பது, அது விரல் நிற்கிற இடத்தையெல்லாம் கணக்கெடுக்கிறதாம். அறுநூறு ரூபாய் போனது போகட்டும், தான் வளர்த்த மகளுக்கு ஒரு விலை தனக்கு ஒரு விலை என்பதுதான் அவளுக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. அதனால்தான் கடைக்கே வந்தாள். அதனால்தான் என்று அவரிடம் சொன்னாள்.

தண்ணீர் குடித்து முடித்திருப்பார். இவ்வளவு நேரமா. மூன்றாவது அடியில் எவ்வளவு நேரம் நிற்பது, பின்னாலிருந்து பைக் ஒன்று ஹார்ன் அடித்ததும் நகர்ந்து கரும்புச்சாறு வண்டியின் நிழலுக்குப் போனாள், வலது முழங்கால் ஒரு தடவை மடங்கப் பார்த்தது, வண்டியைப் பிடித்துக்கொண்டாள். அங்கே நின்று, எதேச்சையாகப் பார்க்கிறவள் மாதிரி, தலையைத் திருப்பினாள். விதி மீறல்தான். ஆனால் இன்றைக்கு விதியைவிடப் பெரிய விஷயம் ஒன்று உள்ளே உட்கார்ந்திருக்கிறது. கண்ணாடியில் ஆடித் தள்ளுபடி என்று ஆளுயரத்துக்கு ஒட்டியிருந்தார்கள், அந்த எழுத்துகளின் இடுக்கில் ஆவுடையப்பனின் பின்னந்தலை தெரிந்தது, நரைத்த பின்னந்தலை, காலர் ஒருபக்கம் மடங்கியிருக்கிறது. ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். டம்ளர் மேஜைமேல் இருக்கிறது, காலியா நிறைந்திருக்கிறதா என்று இங்கிருந்து தெரியவில்லை. போன மாதம் மொபெட்டை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனவர் கத்தரிக்காயும் கையுமாகப் பஸ்ஸில் வந்து இறங்கினார், மறுநாள் காலையில் வண்டியைக் காணோம் என்று தெருவே கூடிவிட்டது, அவர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகச் சட்டையை மாட்டிக்கொண்டு நிற்கையில் காய்கறிக் கடைக்காரர் போன் பண்ணி, வண்டி இங்கதான நிக்கி என்றார். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார், செண்பகவல்லியும் சிரித்தாள், சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய் நின்றவளுக்கு எதற்கு வந்தோம் என்றே தெரியவில்லை. வண்டியை மறப்பது இருக்கட்டும், யாரும் மறப்பதுதான். ஆனால் வண்டியில் போனதையே மறப்பது. ஏறினவன் முகம் இறங்குகிறவரைக்கும் மறக்காது என்று டிப்போவில் பேர் வாங்கின மனுஷன், அறுபது பேர் நிற்கிற பஸ்ஸில் டிக்கெட் எடுக்காதவனை நேராகப் போய்த் தோளைத் தொடுவாராம், கழுகுமலைக்கும் சங்கரன்கோவிலுக்கும் நடுவில் உள்ள அத்தனை ஸ்டேஜுக்கும் கட்டணம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். அப்புறம் ஃப்ரிட்ஜ். இரண்டு தடவை காலையில் எழுந்து பார்த்தால் கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது, பால் திரிந்து, தண்ணீர் தரையில் ஓடி, பழைய ஃப்ரிட்ஜ் மூச்சு முட்டினமாதிரி உறுமிக்கொண்டு. அவள் ஒன்றும் கேட்கவில்லை. துடைத்துவிட்டு, ஃப்ரிட்ஜ் பழசாப் போச்சுங்க, கதவு நிக்க மாட்டேங்குது, மாத்திருவோம் என்றாள். பாவம் அந்த ஃப்ரிட்ஜ், பத்தொன்பது வருஷம் உழைத்துவிட்டுப் பழியையும் சுமந்துகொண்டது. அவளுக்கு வேண்டியது புது ஃப்ரிட்ஜ் இல்லை, கதவு ஒரு நிமிஷம் திறந்திருந்தால் கத்துகிற ஃப்ரிட்ஜ். கத்தாதது இருபத்தாறாயிரத்து நானூற்றுத் தொண்ணூறுக்கே கிடைக்கிறது. கத்துவதற்குத்தான் மீதி ஐயாயிரத்து ஐநூறு.

உண்மையைச் சொன்னால் அதுவும் முழுசாக இல்லை. ஃப்ரிட்ஜ் கடைக்கு அவள் வந்தது அவரைச் சோதிக்க. யாரிடமும் சொல்லவில்லை, கோமதியிடம்கூட. சொன்னால் அவள் அழுவாள், லீவு போட்டு ஓடி வருவாள், பெரிய ஆஸ்பத்திரி, ஸ்கேன் என்று ஆரம்பிப்பாள், அப்புறம் அது வீட்டில் ஒரு ஆள் மாதிரி வந்து உட்கார்ந்துகொள்ளும், போகச் சொன்னாலும் போகாது. அதனால் செண்பகவல்லி தனக்குள் ஒரு தீர்மானம் போட்டாள். கடைக்குக் கூட்டிப் போவோம். முன்கூட்டி ஒன்றும் ஞாபகப்படுத்தக் கூடாது. தீபாவளி என்ற வார்த்தையைச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுவோம். அவர் தண்ணீரைக் குடித்துவிட்டு, அவ எந்திரிச்சிட்டா அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டு பின்னால் வந்தால் ஒன்றுமில்லை, வயசு, அவ்வளவுதான், வண்டி மறந்ததெல்லாம் சும்மா. வராவிட்டால் இன்றைக்கே கோமதிக்குப் போன். அவர் மற்றதை எதை மறந்தாலும் சரி, கல்யாண நாளை அவர் எந்த வருஷமும் ஞாபகம் வைத்திருந்ததில்லை, அதைப்பற்றி அவளுக்கு வருத்தமும் கிடையாது. ஆனால் இது அவர்கள் இரண்டு பேரைத் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாத ஒன்று. இதை அவர் மறந்துவிட்டால் அப்புறம் அவள் மட்டும்தான் அதைத் தெரிந்து வைத்திருப்பாள். பஸ்ஸிலேயே அவளுக்குப் பயம் தொடங்கிவிட்டது. நாலாட்டின்புதூரில் டவுன் பஸ் ஏறியதிலிருந்து மனுஷன் வாய் திறக்கவில்லை. எந்தக் கண்டக்டரைப் பார்த்தாலும் எந்த டிப்போ, எத்தனை நடை, கலெக்‌ஷன் எப்படி என்று பிடித்துக்கொள்கிறவர், இன்றைக்குக் கண்டக்டர் வந்து அவளுக்கு இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அவர் முகத்தைப் பார்க்க, இருபது ரூபாய்த் தாளை நீட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது. உதடு எதற்கு அசைய வேண்டும். பல்லு கூசுதுங்க என்றாள். உம் என்றார். அந்த உம்முக்குள் அவர் இல்லவே இல்லை.

கால் மணி நேரம் ஆகிவிட்டது. இதுவரை ஐந்து நிமிஷத்தைத் தாண்டினதில்லை, கட்டில் வாங்கினபோது மட்டும் ஏழு, அந்தக் கடைக்காரருக்கு நடுவில் போன் வந்துவிட்டது. வாசலில் நின்ற காவலாளி, உள்ள வந்து உக்காருங்கம்மா, ஏசி ஓடுது என்றார், வேண்டாம் என்று தலையாட்டினாள், ஆனால் கால் இரண்டடி கண்ணாடிப் பக்கம் போயிருந்தது, அவள் போகச் சொல்லவில்லை, அதுவே போயிற்று. ஜெனோவா அவரிடம் என்னமோ கேட்கிறாள். அவர் கையை விரிக்கிறார். கையை ஏன் விரிக்க வேண்டும். தெரியாது என்றா. எது தெரியாது. வீட்டு விலாசமா. செண்பகவல்லி இன்னும் ஓரடி கண்ணாடியை நெருங்கினாள். ஒரு வாரமாக அவள் போனும் இதையேதான் செய்கிறது, அவளைப் பயமுறுத்துகிறது. போன செவ்வாய்க்கிழமை அவர் குளிக்கப் போயிருந்தபோது போனிடம் வாய்விட்டுக் கேட்டாள், ஞாபக மறதி எதனால் வருகிறது என்று, அதற்குப் புரியட்டும் என்று செய்தி வாசிக்கிறவள் மாதிரி நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். அது நூறு காரணம் சொல்லியது, அதில் பாதியைப் படிப்பதற்குள் குளியலறைக் கதவுச் சத்தம் கேட்டு மூடிவிட்டாள். அவ்வளவுதான், ஒரே ஒரு தடவை. அன்றிலிருந்து கோலம் பார்க்கப் போனாலும், சமையல் பார்க்கப் போனாலும் முதலில் வல்லாரை மாத்திரை வந்து நிற்கிறது, ஒரு தாத்தா நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, மறந்து மறந்து போகிறதா என்று கேட்கிறார், தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது, ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம். பக்கத்து வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாத ரகசியத்தை எங்கேயோ ஒரு கம்பெனிக்காரன் தெரிந்துகொண்டு அதற்கு விலையும் போட்டுவிட்டான். அவளுடைய பயத்துக்கு இவ்வளவு விலை, இரண்டாவது பயம் இலவசம். கண்ணாடியில் அவள் மூக்கு பட்டது. ஜில்லென்று இருந்தது. உள்ளே அவர் மெல்லத் தலையைத் திருப்பினார், நேராக அவளைப் பார்த்தார், பார்த்துவிட்டு, சிரிக்கவில்லை, கையசைக்கவில்லை, யாரோ ஒரு அம்மா கடையை வேடிக்கை பார்க்கிறாள் என்கிற மாதிரி மறுபடி மேஜைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கு என்னைத் தெரியவில்லை. அவர் தனியாக வந்திருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பெண், சார் யார்கூட வந்தீங்க என்று கேட்டிருக்கிறாள், அவர் கையை விரித்துவிட்டார். முருகா, நான் பேரம் பேசினதெல்லாம் போதும், சொன்ன விலைக்கே வாங்கிக்கொள்கிறேன், இனிமேல் கீரைக்கட்டுக்குக்கூடக் குறைத்துக் கேட்க மாட்டேன். எல்லோருக்கும் ஒரே விலை என்று இருபத்தெட்டு வருஷம் விற்றேனே, எனக்கு மட்டும் ஏன் இப்படிக் கூட்டிச் சொல்கிறாய். முழங்காலை மறந்து படியேறினாள், கதவு தானாகத் திறந்தது, முப்பத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக, கூப்பிடாமலே உள்ளே போனாள்.

ஏசிக் காற்று முகத்தில் அடித்தது. ஜெனோவா எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, மேனேஜரிடம் இன்னொரு தடவை கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லி நகர்ந்தாள், போகும்போது அந்தப் பெண் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டதைச் செண்பகவல்லி கவனித்தாள். ஆவுடையப்பன் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன செஞ்சு வச்சிருக்கே நீ?" என்றார், குரலைத் தாழ்த்தி.

அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் தண்ணியக் குடிச்சாச்சு, பெருமூச்சு விட்டாச்சு, அவ எந்திரிச்சிட்டா அவ்வளவுதாம்மான்னு சொல்லிக்கிட்டு எந்திரிக்கப் போறேன், இந்தப் பிள்ளை, சார், மேடம் எங்கயும் போகல, அந்தா நின்னு நம்மளத்தான் பாக்காங்கன்னு கைகாட்டுது. திரும்பித் திரும்பிப் பாத்தா எவன் குறைப்பான்? சரி, இப்பப் போயிருவே, இப்பப் போயிருவேன்னு நானும் உக்காந்திருக்கேன், நீ கண்ணாடியில மூக்க ஒட்டிக்கிட்டு நிக்கே."

"என்னயப் பாத்துட்டு முகத்தத் திருப்பிக்கிட்டீகளே."

"பின்ன, உன்னயப் பாத்துச் சிரிச்சா பேரம் நிக்குமா?"

அவளுக்கு ஒரே நேரத்தில் அழுகையும் வந்தது, அவர் மண்டையில் ஒன்று வைக்கலாம் போலவும் இருந்தது. மடங்கியிருந்த காலரை மட்டும் நீவிவிட்டாள். அவர் அவள் முழங்காலைப் பார்த்தார். கரும்புச்சாறு வண்டியில் அவள் சாய்ந்து பிடித்ததையும் எப்போதோ தலையைத் திருப்பி அந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறார் போல. இந்தக் காலை வைத்துக்கொண்டு நீ வெளியே போகிற வேலை இனிமேல் வேண்டாம், நீ உட்காரு, நான் போகிறேன் என்றார். அப்படி அவர்கள் ஒருநாளும் செய்ததில்லை. அவள் ஏதோ சொல்வதற்குள் மேனேஜர் ஜெனோவாவோடு வந்துவிட்டார், ஆவுடையப்பன் நாற்காலியைப் பின்னால் தள்ளினார், கடை முழுக்கக் கேட்கிற மாதிரி, "இருக்கட்டும், தீபாவளிக்குப் பாத்துக்கிடலாம்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

நடையா அது. தார்ரோட்டில் வருகிற பஸ்ஸைக் கையைக் காட்டி நிறுத்துகிறவர் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார், கதவு திறந்தது, மூடியது, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, திரும்பிப் பார்க்கவே இல்லை, கரும்புச்சாறு வண்டியைத் தாண்டி, பைக்குகளைத் தாண்டி, மூலையில் திரும்பிக் கண்ணுக்கு மறைந்தார். இவ்வளவு சுத்தமாக அவள்கூட ஒருநாளும் செய்ததில்லை. செண்பகவல்லி டம்ளரை எடுத்தாள். அவர் குடித்த டம்ளர், அடியில் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தார், அதைக் குடித்தாள், வாயைத் துடைத்தாள். பெருமூச்சு தானாகவே வந்தது. அவர் எந்திரிச்சிட்டா அவ்வளவுதான் என்று சொன்னாள், சொல்லும்போது குரல் நடுங்கியது, மேனேஜருக்கு அது நடிப்பாகத் தெரிந்ததோ நிஜமாகத் தெரிந்ததோ, அவர் டேபை வாங்கி எதையோ தட்டினார். சிஸ்டத்தில் குறைக்க முடியாது, வேண்டுமானால் ஸ்டெபிலைசரை இலவசமாகப் போட்டுத் தருகிறேன், டெலிவரிக்கும் காசு வேண்டாம், சாரைக் கூப்பிடுங்கள் என்றார். கூப்பிடலாம் என்று அவள் கைப்பையிலிருந்து போனை எடுத்து அவர் எண்ணை அழுத்தினாள், மேஜைமேல் இரண்டு சாண் தள்ளி அவர் போன் அடித்தது. அப்படியே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். செண்பகவல்லி அது அடித்து அடித்து ஓய்கிறவரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூலை திரும்பினால் எங்கே போவார், கோயில் பக்கமா, பஸ் ஸ்டாண்ட் பக்கமா. திரும்பிப் பார்க்காமல் போகிறவர்களுக்குத் திரும்பி வரத் தெரிய வேண்டுமே. அவர் திரும்பிப் பார்த்திருக்கலாம், ஒரே ஒரு தடவை, பேரம் கெட்டால் கெட்டுப் போகட்டும். ஒவ்வொரு தடவையும் அவர் இப்படி உள்ளே உட்கார்ந்து வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாரா. வெளியே நின்று பார்த்ததைவிட உள்ளே உட்கார்ந்து பார்ப்பதுதான் கஷ்டமாக இருந்தது, முப்பத்தைந்து வருஷமாக இந்தப் பக்கத்தை அவர்தான் செய்திருக்கிறார், ஒருநாளும் அதைச் சொன்னதில்லை. ஜெனோவா டெலிவரி விலாசம் கேட்டாள். செண்பகவல்லி ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டுத் தெருப் பெயருக்குத் தடுமாறினாள்.

கதவு திறந்தது. ஆவுடையப்பன் இரண்டு கையிலும் இரண்டு டம்ளர் கரும்புச்சாறோடு தோளால் கதவைத் தள்ளப் பார்த்தார், அது தானாகவே திறந்து வழிவிட்டதில் கொஞ்சம் தடுமாறி, சாறு சிந்தாமல் சமாளித்துக்கொண்டு வந்தார்.

"இந்தா, உனக்கு ஐஸ் போடல. பல்லு கூசுதுன்னியே."

அவள் டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். மேனேஜர் ஸ்டெபிலைசர் விஷயத்தைச் சொல்ல, அவர் பெரிய மனசு பண்ணுகிறவர் மாதிரித் தலையாட்டினார். பில் போட ஜெனோவா அந்தப் பக்கம் போனதும் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

"பரீட்சை வைக்கிறவ போனை என்கிட்ட குடுக்கக் கூடாது" என்றார். "ஒரு வாரமா உன் போன்ல மேட்ச் பாக்க உக்காந்தா ஓவருக்கு ஓவர் வல்லாரை மாத்திரைதான் வருது. எனக்கு மறந்திருந்தாக்கூட அது மறக்க விடாது."

அவள் டம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எப்போது தெரியும் என்று கேட்டாள். வெள்ளிக்கிழமையே தெரியும், கடைக்குப் போவோம் என்று நீ சொன்னவுடன் எதற்கென்றும் தெரிந்துவிட்டது என்றார். பஸ்ஸில் ஏன் பேசவில்லை என்று அவள் கேட்கவில்லை, அவரே சொன்னார், சாறைப் பாதி குடித்து நிறுத்திவிட்டு, ரோட்டைப் பார்த்துக்கொண்டு.

"ஏறுனதிலருந்து மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன். தீபாவளின்னதும் தண்ணி, தண்ணி குடிச்சதும் பெருமூச்சு. நடுவுல பேச்சுக் குடுத்தா விட்டுப் போயிருமோன்னு பயமா இருந்துச்சு, செண்பகம். மறக்கல. ஆனா மறந்துருவேனோன்னு இருக்கு."

அவள் மேஜைமேல் இருந்த அவர் போனை எடுத்து அவர் சட்டைப் பையில் போட்டு, பையை ஒரு தடவை தட்டினாள். சனிக்கிழமை டாக்டரிடம் போவோம் என்றாள், கோமதிக்கு நான் சொல்கிறேன், நீங்கள் பக்கத்தில் இருங்கள் என்றாள். சரி என்றார். கத்துகிற ஃப்ரிட்ஜ் இரண்டாயிரம் ரூபாய் கூடுதலாக இருந்தாலும் வாங்கியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது, ஒரு தடவைகூட அதற்குமேல் குறைத்துக் கேட்கவில்லை, ஜெனோவா நீட்டின பில்லை வாசிக்காமலே மடித்து அவர் கையில் கொடுத்தாள்.

இரண்டு பேரும் சேர்ந்து வெளியே வந்தார்கள். கடையிலிருந்து இப்படிச் சேர்ந்து நடந்து வருவதே புதுசாக இருந்தது. அவர் அவள் முழங்காலுக்காக மெதுவாக நடந்தார், படியிறங்கினார்கள், ஒன்று, இரண்டு, மூன்றாவது அடியில் பின்னாலிருந்து குரல் வந்தது.

"மேடம், ஒரு நிமிஷம். உங்க ஹேண்ட்பேக்."

செண்பகவல்லி நின்றாள். கையைப் பார்த்தாள், வெறும் கை. ஆவுடையப்பனும் அவள் கையைப் பார்த்தார், அப்புறம் முகத்தைப் பார்த்தார், ரொம்ப நேரமாக அடக்கிவைத்திருந்த சிரிப்பு அவர் கண்ணில் முதலில் வந்தது.

"ஒண்ணு வாங்குனா ஒண்ணு இலவசம்னுதான போட்டிருக்கான்," என்றார். "அந்த ரெண்டாவது டப்பா உனக்கு."

அவள் சிரித்துக்கொண்டே பையை எடுக்கத் திரும்பினாள். கதவுகிட்டே போய் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அவர் அந்த மூன்றாவது அடியிலேயே, பில்லைக் கையில் பிடித்துக்கொண்டு, அவளுக்காக நின்றுகொண்டிருந்தார்.